கைவசம் சார்ஜ்

"கொஞ்சம் கீழ... ஐயோ, அது இடுப்பு. மேல வாங்க!"

"மேலன்னா மேல, கீழன்னா கீழ. நான் என்ன லிஃப்டா?"

மனைவியின் முதுகுக்குள் வலியை அடக்க ஒரு சின்னக் கருவி பதித்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் வெளியே ஒரு வட்டை வைத்து அழுத்தினால், வயரே இல்லாமல் உள்ளே சார்ஜ் ஏறும். வட்டு நழுவாமல் பிடித்துக்கொள்வது அவர் வேலை. கை மரத்துப்போகும். ஆளுக்கொரு அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த இருவரும், அந்த நேரத்தில் மட்டும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசினார்கள்.

இன்று மருத்துவமனையில் கருவியைப் பரிசோதித்த பெண் கேட்டாள்: "வட்டை முதுகோட சேர்த்துக் கட்டுற பெல்ட் வசதியா இருக்கா?"

"பெல்ட்டா?" என்றார் அவர், ஒன்றும் அறியாத பச்சைப்பிள்ளை போல. "பெட்டியில அப்படி எதுவும் இல்லையேம்மா. நான்தான் தினமும் கையால பிடிக்கிறேன்."

"ஆமாம்மா. பாவம், மனுஷனுக்குக் கை ஒடியுது" என்றாள் மனைவி.

அவருக்கு உள்ளே குறுகுறுத்தது. பெட்டியைப் பிரித்த அன்றே அந்த பெல்ட், அவருடைய பழைய ஸ்வெட்டருக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது.

"எப்படி சார் இல்லாம போகும்?" அந்தப் பெண் புருவத்தைச் சுருக்கினாள். "ஒன்னு தொலைஞ்சாலும் இன்னொன்னு இருக்கட்டும்னு, பெட்டிக்கு ரெண்டு பெல்ட் வச்சுத்தானே கொடுக்கிறோம்!"

ரெண்டா? அவர் கண்ணில் பட்டது ஒன்றுதான்.

மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் தலைக்கு மேலே சுற்றாமல் நின்ற மின்விசிறியை அத்தனை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.