மாங்குயில் இறங்கி வந்த காலை

பூங்காவின் அத்திமரத்துக்குள் காலை வெயில் சல்லடையாக இறங்குகிறது. அடியில் எட்டுப் பேர் அண்ணாந்து நிற்கிறார்கள். "ஞாயித்துக்கிழமைன்னு பறவைங்களும் லீவு போட்டுடுச்சா மச்சான்?" என்கிறான், பறவை காட்ட அழைத்து வந்தவரின் மைத்துனன். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்து, அதில் பதிந்து வைத்திருக்கும் மாங்குயிலின் கூவலை ஒலிக்கவிடுகிறார். முட்டையிடும் இந்த மாதத்தில் யாரும் இதைச் செய்யக் கூடாது என்று சற்று முன் வாசலில் சொன்னவர் அவர்தான். மூன்றாவது கூவலுக்கு மஞ்சளாக ஒன்று பாய்ந்து வந்து தாழ்ந்த கிளையில் அமர்கிறது. பின்னாலேயே அதன் ஜோடியும். தங்கள் இடத்துக்குள் நுழைந்துவிட்ட வேற்று மாங்குயிலைத் தேடி இரண்டும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றன. தொண்டை விம்மக் கூவுகின்றன. கேமராக்கள் சடசடக்கின்றன. "சும்மா சொல்லக் கூடாது, மச்சான் கூப்பிட்டா வருது," என்கிறான் மைத்துனன். அவர் மட்டும் உச்சியைப் பார்க்கிறார். கிளைக் கவட்டில் தொங்கும் அவற்றின் கூட்டு விளிம்பில் ஒரு காகம் உட்கார்ந்திருக்கிறது. நிதானமாகக் குனிந்து நிமிர்கிறது. அலகில் புள்ளி போட்ட வெள்ளை முட்டை. கைதட்டினால் பறந்துவிடும். தட்டினால் எல்லோரும் மேலே பார்ப்பார்கள். காகம் மறுபடி குனிகிறது. "அங்க என்னங்க?" என்று அவர் மனைவி தலையை உயர்த்துகிறாள். அவர் அவள் முன்னால் வந்து நின்று, தோளைப் பிடித்து மெல்லத் திருப்புகிறார். "அங்க ஒண்ணுமில்ல. இங்க பாரு, எவ்வளவு கிட்ட வந்திருக்கு."