வெறும் வயிறு

"இன்னைக்காவது வெறும் வயித்தோட வந்தீங்களாம்மா?" நர்ஸ் கேட்டாள்.

"பச்சத் தண்ணி பல்லுல படல. நானே பக்கத்துல காவல் உக்காந்துட்டேன்," என்றார் கணவர்.

போன இரண்டு தடவையும் அந்த அம்மா மறந்துபோய் டீ குடித்துவிட்டு வந்ததால் சிகிச்சை தள்ளிப்போயிருந்தது. சாப்பாடு தொண்டையில் இறங்காத நாளில் வயிற்றில் போட்ட குழாயை எடுத்து மூன்று மாதமாகியும் துளை மூடவில்லை. கசிந்துகொண்டே இருந்தது. தினமும் துடைத்துப் பஞ்சு மாற்றியது கணவர்தான். இப்படியொரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நர்ஸ் வார்டெல்லாம் சொல்லித் தீர்த்திருந்தாள்.

"இப்படியே இருந்துட்டுப் போகட்டுமே," என்றாள் அந்த அம்மா.

"என்ன பேச்சு இது? வாய் வழியா கேமராவ விட்டு, உள்ளேயே கிளிப் போட்டு மூடிடுவாங்க. கத்தியே படாது," என்றார் அவர்.

அரை மணி நேரத்தில் முடிந்தது. நல்ல செய்தி சொல்ல நர்ஸ் வெளியே ஓடினாள். அதற்குள் கணவர் டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, ஜன்னலோரம் போனில் இருந்தார்.

"வக்கீல் சார், ஓட்டைய அடைச்சாச்சு. சீக்காளியா இருக்கறப்ப டைவர்ஸ் கேட்டா ஜட்ஜ் முகம் சுளிப்பார்னு சொன்னீங்களே, இனிமே மனு போட்டுடலாம்ல?"

நர்ஸ் வந்த சுவடு தெரியாமல் திரும்பினாள்.

மயக்கம் தெளிந்த அந்த அம்மா வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"கசிவு நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சும்மா."

"அவரு போன் பண்ணப் போயிட்டாரா?"

அந்த இரண்டு டீயும் மறந்துபோய்க் குடித்ததல்ல என்று நர்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது.