படகில் ஏறிய 'ஆனால்'

"இன்னொரு தடவை சொல்லு கண்ணு. நாய்."

"பெரோ," என்றாள் கெயிலா.

நொயெமி டீச்சர் குழந்தையின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். மூலையில் ஆடுநாற்காலியில் உட்கார்ந்திருந்த யுரானிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆற்றங்கரை ஊரான மொம்போஸின் பாஷையில் நாய் என்று சொல்ல நாக்கு நுனியை மோட்டார் மாதிரி உருட்ட வேண்டும். பெர்ர்ரோ. உருட்டாமல் வெறும் பெரோ என்றால் அது நாயில்லை, 'ஆனால்' என்று அர்த்தம். இப்படி நாயெல்லாம் 'ஆனால்' ஆகிப்போகிற பிள்ளைகளைத்தான் டீச்சரிடம் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டி வருவார்கள்.

தானும் இந்தப் படிப்பே படிக்கலாமா என்று பார்க்கத்தான் யுரானிஸ் சில நாளாக டீச்சர் கூடவே இருக்கிறாள். கல்லூரிக்கு விண்ணப்பிக்க நாளையோடு கடைசி.

வகுப்புக்கு முன்னால், கெயிலாவின் அப்பா வந்து சேர்வதற்குள், முற்றத்தில் நடந்ததை அவளால் மறக்க முடியவில்லை. கெயிலாவின் கையிலிருந்த சீஸ் ரொட்டியை டீச்சர் வீட்டு நாய் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

"ஏய், திருட்டுப் பெர்ர்ரோ!" என்று துரத்தினாள் கெயிலா.

அப்படி ஓர் உருட்டல். யுரானிஸுக்கே அவ்வளவு சுத்தமாக வராது. டீச்சரும் பக்கத்தில்தான் நின்றார்.

"டீச்சர், இவளுக்குத்தான் நல்லா வருதே. உங்களுக்குக் கேக்கலையா?"

"வயசாச்சுல்ல. காது கொஞ்சம் மந்தம்," என்று உள்ளே போய்விட்டார்.

மந்தமாம். அடுத்த தெருவில் மாங்காய் விழுந்தால் கேட்கிற காது அது. அம்மா என்ற சொல்கூட வராத குழந்தைகள் வெளியே காத்துக் கிடக்க, உள்ளே இந்த நாடகம். இதுதான் வைத்தியம் என்றால் இந்தப் படிப்பே தனக்கு வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள்.

"இப்ப அப்பா சொல்லுங்க," என்றார் டீச்சர்.

கெயிலாவின் அப்பா டெல்ஃபின், ஆற்றில் மோட்டார் படகு ஓட்டுகிறவர். படகைக் கட்டிவிட்டு ஈரச் சட்டையோடு வந்து, பெரிய உடம்பைச் சின்ன நாற்காலியில் மடக்கி உட்கார்ந்திருந்தார். பிள்ளையோடு பெற்றவரும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம்.

"பெரோ," என்றார். காது சிவந்துவிட்டது. அவருக்கும் வராது.

"பரவால்ல. அந்த நாய்க் கதையைச் சொல்லுங்க. நீங்க சொல்லக் கேட்டாத்தான் பாப்பாவுக்கு வரும்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஒரு பெரோ... என் படகுல ஏறுச்சு. டிக்கெட்டெல்லாம் எடுக்கல. முன்னால போய் ராஜா மாதிரி நின்னுக்கிச்சு..."

மதிய வெயில், ஆற்றுக் காற்று, ஆடுகிற நாற்காலி. யுரானிஸுக்குக் கண் செருகியது. அரைத் தூக்கத்தில் அந்தப் படகு அவள் முன்னால் மிதந்து வந்தது. முன்முனையில் வாலை ஆட்டியபடி ஓர் 'ஆனால்'. கரையே தெரியாத தண்ணீர். மோட்டார்ச் சத்தம் இல்லை. படகை அந்தக் குரல்தான் ஓட்டியது. கனமான, இதமான குரல். கேட்டுக்கொண்டே போய்விடலாம் போலிருந்தது.

"...அக்கரை வந்ததும் இறங்கிச்சு. நாலு எட்டு போயி, என்னைத் திரும்பிப் பாத்துச்சு."

கெயிலா கைதட்டிய சத்தத்தில் யுரானிஸ் விழித்துக்கொண்டாள்.

அடுத்த பிள்ளையைக் கூப்பிட டீச்சர் வாசலுக்குப் போனார். டெல்ஃபின் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு யுரானிஸிடம் வந்தார்.

"ஏம்மா, நீங்களும் பாக்குறீங்கல்ல. பாப்பாவுக்கு எப்ப சரியாகும்? அவளும் என்னை மாதிரி ஆயிடக் கூடாதும்மா."

இந்த அப்பாவி மனுஷரைப் போய் ஏமாற்றுகிறார்களே. இப்போதே உண்மையை உடைத்துவிடுவது என்று யுரானிஸ் எழுந்தாள்.

பாவாடையை ஒரு சின்னக் கை இழுத்தது. குனிந்தாள். கெயிலா அவள் காதோடு வாயை வைத்துக் கிசுகிசுத்தாள்.

"சொல்லிடாதீங்க அக்கா. சிரிப்பாங்கன்னு அப்பா எங்கயும் பேச மாட்டாரு. படகுத் துறையில அவரு பேரே ஊமை. வீட்லயும் தலையாட்டுறதோட சரி. இங்க மட்டுந்தான், எனக்காகப் பேசுறாரு. எனக்கு வந்துருச்சுன்னு தெரிஞ்சா, அப்பா வர மாட்டாரு."

யுரானிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கண்டிப்பா சரியாயிடும் அண்ணே. ஆனா கொஞ்ச நாளாகும். நீங்க பேசப் பேசத்தான் அவளுக்கு வரும். வீட்லயும் தினம் ஒரு கதை சொல்லுங்க."

"வீட்லயுமா?"

"வீட்லதான் முக்கியம்."

அவர் தலையாட்டினார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, "சரிம்மா, சொல்றேன்," என்று வாய்விட்டுச் சொன்னார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

வாசலிலிருந்து டீச்சர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, பாப்பாவுக்கு இன்னும் வரலைங்கிறே?"

"வரலை டீச்சர்."

"அப்ப உனக்கும் காது மந்தமாயிடுச்சு. நாளைக்கே விண்ணப்பத்தைப் போட்டுடு."