பட்டுப்போன குட்டிகள்

"ஏனுங்க, இந்தக் குட்டியும் பட்டுப்போச்சா?"

"அழுகிப்போச்சு அம்மணி, தூக்கி வீசிப்போட்டேன்" என்றார் மரியஅந்தோணி, மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

ரோஜாபோல் இலை அடுக்கும் ஹாவொர்த்தியா லேசில் சாகிற செடியா? பாதி நிழலும் ஒரு மடக்குத் தண்ணீரும் போதுமே! தாய்ச்செடியிலிருந்து பிரித்து வைக்கும் குட்டியெல்லாம் எங்கே போகிறது? விமலாராணிக்குச் சந்தேகம் தட்டியது.

ஞாயிறு பூசை முடிந்ததும், பங்குக் கூட்டம் என்று கிளம்பியவரை ஆட்டோவில் பின்தொடர்ந்தாள். சிங்காநல்லூரில் ஒரு சந்து வீட்டுக்குள் நுழைந்தார் மனிதர்.

அந்த வீட்டு ஜன்னல் நிழலில், வெள்ளைக் கோடு போட்டது, கண்ணாடிபோல் நுனி மினுங்குவது என்று 'பட்டுப்போன' குட்டிகள் அத்தனையும் செழித்திருந்தன. கொடியில் நைட்டி காய்ந்தது. உள்ளே ஓர் இளம்பெண்ணின் சிரிப்பு.

விமலாராணி கதவை இடித்தாள். "எவடி உள்ளே? வெளிய வாடி!"

திறந்தவள் நிறைமாதக் கர்ப்பிணி. அவள் பின்னால் மரியஅந்தோணி.

விமலாராணி கணவர் பக்கம் திரும்பினாள். "எல்லாம் செத்துப்போச்சுன்னு எங்கிட்டப் பொய் சொன்னீங்களே..."

"நீயுந்தான் ஊரெல்லாம் சொல்லிப்போட்டே அம்மணி" என்றார் அவர். "ரியாஸைக் கட்டுன அன்னிக்கே நம்ம பொண்ணு செத்துப்போயிட்டான்னு."