மூடியில் காய்ந்த சந்தனம்

ராஜகிரி மலையின் நிழல் லைட்செட் கடை வாசலுக்கு வந்துவிட்டது. ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய டீசல் ஜெனரேட்டர் கொஞ்சம் ஓடி, இருமி, மறுபடியும் நின்றுபோகிறது. டீசலில் தண்ணீரைக் கலந்துவிட்டான் என்று ரஞ்சிதத்தின் தம்பி குருவை அவள் கணவன் செல்லப்பன் நேற்றுதான் அடித்து விரட்டினான். ரஞ்சிதம் டேங்க் மூடியைத் திருகுகிறாள். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்கிறது. ஆயுத பூஜையன்று செல்லப்பன் அப்பிய சந்தனம், மூடியில் காற்று போகும் துளையை அடைத்துக் காய்ந்திருக்கிறது; காற்று புகாததால் டீசல் எஞ்சினுக்கு இறங்கவில்லை. தாலிச்சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் குத்துகிறாள். உள்ளங்கையில் மஞ்சளாக உதிர்கிறது. மூடியைப் போட்டதும் செல்லப்பன் ஹேண்டிலைச் சுற்றுகிறான். எஞ்சின் சீராக ஓடுகிறது, பல்புகள் எரிகின்றன. "இதான் அடச்சிக்கினு இருந்துது," என்று கையை நீட்டுகிறாள். அவன் பல்புகளையே பார்க்கிறான். "பாத்தியாடி, ஒன் தம்பி போனதும் எப்பிடி ஓடுது!"