முழுப் பொட்டலம்

வெயிலில் விரித்த பிறகுதான் தெரிந்தது.

போர்வை ஒரே நிறத்தில் இல்லை.

அவள் சன்னலின் இன்னொரு கதவையும் திறந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு குன்னூரில் வெயில். கட்டிலின் மேல் நேராக விழுந்தது.

தலைமாட்டில் வெண்ணெய் நிறம். அதற்குக் கீழே எலுமிச்சை. பிறகு பச்சை கலந்த ஒரு மஞ்சள், செங்காய்க் கொய்யா மாதிரி. கால்மாட்டில் காவிக்குப் பக்கத்தில் போயிருந்தது.

ஒவ்வொரு நூலுருண்டையும் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்பது கோடு கிழித்த மாதிரி தெரிந்தது.

மழைக்காலம் முழுக்கக் குண்டு பல்புக்குக் கீழே உட்கார்ந்து பின்னியது. பல்பு வெளிச்சத்தில் எல்லாம் ஒரே மஞ்சள்.

நூல்கடை மோசஸ் அண்ணன் முதல் நாளே சொன்னார்.

“குழந்தைப் போர்வைன்னா மொத்தமா எடுத்துட்டுப் போயிரும்மா. சாயம் முக்குன லாட்டு மாறுனா கலர் மாறிரும்.”

“போர்வை இல்லண்ணே. வீட்டுக்காரருக்கு மஃப்ளர்.”

ஒரே ஒரு உருண்டை வாங்கினாள். சால்வைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த மாதம் இன்னொன்று. அதற்கடுத்த மாதம் இன்னொன்று.

“ஏம்மா, உங்க வீட்டுக்காரருக்கு என்ன ஒட்டகச்சிவிங்கி கழுத்தா?”

சிரித்துவிட்டாள். அந்த மாதம் வேறு எதற்கும் சிரித்த நினைவில்லை.

போன முறை உண்டாகியிருந்தபோது மொத்தமாகத்தான் வாங்கினாள். முழுப் பொட்டலம். அலமாரியில் கண்ணில் படும்படி வைத்தாள். லாரியிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்த அவள் கணவன் தனபால், அதைப் பிரிக்காமலே கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

ஐந்தாம் மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார்கள்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் வாசலிலேயே சொன்னார்.

“வயித்துல இருக்கறப்பவே வாங்கி அடுக்குனா எப்படி நிக்கும்?”

தனபால் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்தபோது அது கையில் இல்லை.

எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

இந்த முறை வளைகாப்பு வேண்டாம் என்றது அவள்தான். அவன் சரி என்றான். அதோடு முடிந்தது. நாக்பூர் பக்கமிருந்து, ஹைதராபாத் பக்கமிருந்து, ஓடுகிற எஞ்சினோடு போன் செய்வான். மழையா என்று கேட்பான். சாப்பிட்டாயா என்று கேட்பான். வைத்துவிடுவான்.

ஒரு மாதம் தாண்டினால் ஒரு உருண்டை. அந்த மாதத்துக்கு மட்டும். அதற்கு மேல் கேட்கக் கூடாது. யாரிடம் என்று அவளுக்குத் தெரியாது.

பின்னியதைக் குக்கர் வந்த அட்டைப்பெட்டிக்குள் ஒளித்து வைத்தாள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை.

கொய்யா நிறப் பட்டை மட்டும் மற்றவற்றைவிட ஒல்லியாக இருந்தது. அந்த மாதம் ஒரு காலையில் சேலையில் ஒரு துளி ரத்தம். ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் படுத்தவள்தான். சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். தனபால் பேசியபோது, குரல் என்ன ஒரு மாதிரி இருக்கிறது என்றான். சளி என்றாள்.

போர்வையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். அந்தப் பக்கமும் அப்படியே.

பார்க்கிற எவருக்கும் தெரியும். இதைப் பின்னியவள் மாதா மாதம் பயந்திருக்கிறாள்.

இதைச் சுற்றியா குழந்தையைத் தூக்குவது.

நூலின் நுனியைத் தேடி இழுத்தாள். ஒரு வரிசை சத்தமில்லாமல் பிரிந்து வந்தது. இவ்வளவு சுலபமாகப் பிரியும் என்று அவள் நினைக்கவில்லை.

சட்டென்று கையை எடுத்தாள்.

பிரிந்த நுனியை முடிச்சுப் போட்டாள். இன்னொரு முடிச்சும் போட்டாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு கீழ் பஜாருக்கு இறங்கினாள்.

சால்வை இப்போது முன்னால் சேரவில்லை. மோசஸ் அண்ணன் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி மஞ்சள் உருண்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

அவள் அதை எடுக்கவில்லை.

“மஃப்ளர் இல்லண்ணே.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை இறக்கினார். தூசியை ஊதினார்.

“எல்லாம் ஒரே லாட்டு. பிரிச்சுக் காட்டட்டுமாம்மா?”

“வேண்டாம்ணே.”

மேடேறும்போது மூச்சு வாங்கியது. எதிரே வந்த தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் அவள் கையைப் பார்த்தார்கள், பிறகு அவள் வயிற்றைப் பார்த்தார்கள். பொட்டலம் சால்வைக்கு வெளியேதான் இருந்தது.

பாதிப் படியில் போன் அடித்தது.

“மழையா?”

“இல்லீங்க. வெயிலு.”

“சாப்ட்டியா?”

“ம்.”

“சரி, அப்ப வெக்கட்டா?”

அவள் படிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். பொட்டலத்தின் கண்ணாடித்தாள் வெயிலில் சுட்டது.

“மஞ்சள் நூல் வாங்கியிருக்கேனுங்க,” என்றாள். “முழுப் பொட்டலம்.”

அந்தப் பக்கம் எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

பிறகு அதுவும் நின்றது. அவன் போனை வைக்கவில்லை.