மூன்று எலுமிச்சை

காசு போட்டுக் கைப்பிடியை இழுக்கும் பழைய சூதாட்ட மெஷின் ஒன்று வளைகுடா நாட்டு முசஃபா பட்டறைக்குப் பழுதுபார்க்க வந்திருந்தது. முன்பு கப்பல் கேசினோவில் மெக்கானிக்காக இருந்து, இப்போது இங்கே அதைப் பழுதுபார்க்கும் ஜெபசீலனுக்கு, அது காசு கொட்டும் சத்தம் என்றால் உயிர். "இப்ப உள்ளதெல்லாம் வெறும் ஸ்கிரீன்லா" என்பான்.

வெல்டர் கார்மேகம் தினமும் டீ நேரத்தில் ஒரே ஒரு முறை இழுப்பான். மூன்று எலுமிச்சைப் படங்களும் சேரவே சேராது. பாவம் பார்த்து, இன்று ஜெபசீலன் ரகசியமாக, படங்கள் சேரும்படி உருளைகளைத் திருத்தி வைத்திருந்தான்.

மூன்றும் சேர்ந்தன. காசு கொட்டியது.

"ஜெயிச்சிட்டியே மக்கா!"

கார்மேகம் சிரிக்கவில்லை. செல்போனில் ஊருக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்பிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"ஆத்தாவுக்கு வச்சிருக்க வென்டிலேட்டர எடுத்துரலாமான்னு தம்பி தினமும் கேக்குறாண்ணே. மூணு எலுமிச்சையும் சேந்தா சரின்னு சொல்லிர்றேன்னு சாமிகிட்ட சொல்லியிருந்தேன். எங்க சேரப்போகுதுன்னு நம்பித்தான் இழுத்தேன்."